பாஸ்பேட் ஏறிய டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபாவைக் கண்டறியும் எதிர்ப்பொருள்

பாஸ்பேட் ஏறிய டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபாவைக் கண்டறியும் எதிர்ப்பொருள் என்பது உயிரியல் ஆய்வகங்களில் பயன்படும் ஒரு சோதனைப் பொருள். டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபா என்பது டி.என்.ஏ. இழைகளின் சிக்கலை வெட்டி, அவிழ்த்து, மீண்டும் ஒட்டும் நொதி. இந்த நொதியின் 1106ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. அந்தச் செரின் மீது ஒரு பாஸ்பேட் தொகுதி ஏறியிருக்கிறதா, இல்லையா என்பதைக் காட்டுவதே இந்த எதிர்ப்பொருளின் வேலை.

கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இந்த நொதியின் மீதுதான் செயல்படுகின்றன. மருந்து ஏன் சில செல்களைக் கொல்கிறது, சில செல்களை ஏன் விட்டுவிடுகிறது என்ற ஆராய்ச்சியில் இந்தச் சிறிய கேள்விக்குப் பெரிய இடம் உண்டு. எதிர்ப்பொருள் தவறான பதிலைச் சொன்னால் ஆராய்ச்சியும் தவறான திசையில் போய்விடும். ஆகவே, எதிர்ப்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதோடு, அது சொல்வதை எப்போது நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நொதியின் வேலை

மனிதச் செல் ஒன்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு நீளமான முறுக்கிய இழை இவ்வளவு சிறிய இடத்தில் இருக்கும்போது முறுக்கும் சிக்கலும் ஏற்படுவது இயல்பு.

முறுக்கிய கயிற்றின் இரண்டு புரிகளை ஒரு முனையிலிருந்து பிரித்துக்கொண்டே போனால், மறுபக்கத்தில் முறுக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போதும் இதுவே நடக்கிறது. நகலெடுத்து முடிந்த பிறகு இரண்டு நகல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலை அவிழ்க்காமல் செல் இரண்டாகப் பிரிய முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் நொதிகளே டோபோஐசோமரேஸ்கள். இவ்வகையில் முதல் நொதியை ஜேம்ஸ் வாங் என்னும் அறிவியலாளர் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்து 1971இல் வெளியிட்டார். டோபோஐசோமரேஸ்களில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முதல் வகை டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டும். இரண்டாம் வகை இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டி.என்.ஏ. பகுதியை நுழைத்து, பிறகு வெட்டியதை ஒட்டிவிடும். இதற்கான ஆற்றலை ஏ.டி.பி. தருகிறது.

பூத்தொடுக்கும் நூல் சிக்கிக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? ஓரிடத்தில் அறுத்து, சிக்கை எடுத்து, மீண்டும் முடிச்சுப் போடுவோம். நொதி செய்வதும் அதுதான். ஒரு வேறுபாடு, நாம் போட்ட முடிச்சு கண்ணுக்குத் தெரியும். நொதி ஒட்டிய இடத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

வெட்டிய முனைகளை நொதி நழுவ விடுவதில்லை. மனித டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபாவின் 805ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம் வெட்டுப்பட்ட முனையோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருக்கும். வேலை முடிந்ததும் முனைகளை ஒட்டிவிட்டு விலகிக்கொள்ளும்.

ஆல்ஃபாவும் பீட்டாவும்

மனிதர்களிடம் இரண்டாம் வகை டோபோஐசோமரேஸ் இரண்டு வடிவங்களில் உள்ளது. ஆல்ஃபா வடிவத்தில் 1531 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் எடை ஏறத்தாழ 174 கிலோடால்டன். இதற்கான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பீட்டா வடிவத்தில் 1626 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் எடை சற்று அதிகம். அதற்கான மரபணு 3ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

இரண்டும் ஒன்றை ஒன்று பெரிதும் ஒத்தவை. ஆனால் இருக்கும் இடம் வேறு. பிரிந்து பெருகும் செல்களில்தான் ஆல்ஃபா அதிகமாக இருக்கும், செல் பிரிவதற்குச் சற்று முன்பு அதன் அளவு உச்சத்தை எட்டும். பீட்டாவோ பிரியாத செல்களிலும், குறிப்பாக இதயத் தசைச் செல்களிலும் உண்டு. டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்கு இதயத்தைப் பாதிப்பதில் பீட்டா வடிவத்துக்குப் பங்கு உண்டு என்று எலிகளில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. எனவே ஆல்ஃபாவைப் பற்றிப் பேசும் ஓர் எதிர்ப்பொருள் பீட்டாவையும் பிடித்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மருந்துகளோடு உள்ள தொடர்பு

எட்டோபோசைடு என்னும் மருந்து நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்கும் விதைப்பைப் புற்றுநோய்க்கும் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1983இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. போடோஃபில்லம் என்னும் செடியிலிருந்து கிடைக்கும் பொருளை மாற்றியமைத்து இது உருவாக்கப்பட்டது. அந்தச் செடியின் ஓர் இனம் வட அமெரிக்காவிலும் மற்றோர் இனம் இமயமலைப் பகுதியிலும் வளர்கிறது.

இந்த மருந்து நொதியின் வேலையைப் பாதியில் நிறுத்துகிறது. வெட்டுவதைத் தடுப்பதில்லை, ஒட்டுவதைத்தான் தடுக்கிறது. இதனால் நொதி டி.என்.ஏ.வை வெட்டிய நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. இப்படி மாட்டிக்கொண்ட இடங்கள் பெருகும்போது டி.என்.ஏ. துண்டு துண்டாகி, செல் இறந்துவிடுகிறது. உதவி செய்ய வேண்டிய நொதியையே செல்லுக்கு எதிரியாக்குவதால் இத்தகைய மருந்துகளை ஆங்கில நூல்கள் டோபோஐசோமரேஸ் நஞ்சுகள் என்று குறிப்பிடுகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நொதி சுறுசுறுப்பாக வெட்டும் செல்லில் மருந்து நன்றாக வேலை செய்யும். நொதி குறைவாகவோ மந்தமாகவோ இருக்கும் செல்லில் மருந்தின் பலன் குறையும். எனவே நொதி எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது, எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

1106ஆவது செரின்

செல்லுக்குள் ஒரு நொதியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள எளிய வழிகளில் ஒன்று, அதன் மீது பாஸ்பேட் தொகுதியை ஏற்றுவது. இதற்குப் பாஸ்பரிகரணம் என்று பெயர். ஏற்றிவிடும் நொதிகள் கைனேஸ்கள். இறக்கிவிடும் நொதிகள் பாஸ்பட்டேஸ்கள்.

டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்கள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நொதியின் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. 1106ஆவது செரின் மட்டும் வெட்டி ஒட்டும் வேலை நடக்கும் மையப் பகுதியில் இருக்கிறது. இந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுவது நொதியின் செயலையும் மருந்துக்கு அது காட்டும் விளைவையும் மாற்றுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தச் செரினை அலனின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றிய நொதியை ஈஸ்ட் செல்களில் வைத்தபோது, அந்தச் செல்கள் எட்டோபோசைடைத் தாங்கிக்கொண்டன. 1106ஆவது செரின் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது கேசீன் கைனேஸ்-1 குடும்பத்தைச் சேர்ந்த டெல்டா, எப்சிலான் வடிவங்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கேசீன் என்பது பாலிலுள்ள புரதம். அது ஆய்வகத்தில் எளிதாகக் கிடைப்பதால், தொடக்க காலத்தில் கைனேஸ்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்தினார்கள். பெயர் அப்படி வந்ததே தவிர, பாலில் கேசீன் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது இந்த நொதி அன்று. இந்தக் கேசீன் பின்னால் இன்னோர் இடத்தில் நமக்குத் தேவைப்படும்.

எடையால் கண்டுபிடிக்க முடியாதா?

பாஸ்பேட் ஏறினால் புரதத்தின் எடை கூடும்தானே, எடையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு பாஸ்பேட் தொகுதி ஏறினால் கூடும் எடை ஏறத்தாழ 80 டால்டன். நொதியின் எடையோ 1,74,000 டால்டன். இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த வேறுபாட்டைச் சாதாரண ஜெல் முறையில் பிரித்துக் காண்பது கடினம். நிறை நிறமாலைமானி என்னும் கருவியால் காணலாம். ஆனால் அது விலை உயர்ந்தது, எல்லா ஆய்வகங்களிலும் இருப்பதில்லை. எனவேதான் பாஸ்பேட் ஏறிய இடத்தின் வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் தேவைப்படுகிறது.

இவ்வகை எதிர்ப்பொருள்களின் வரலாறு

எதிர்ப்பொருள் என்பது உடலுக்குள் நுழையும் அயற்பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக நம் உடல் உருவாக்கும் புரதம். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இருக்கும் இதன் இரண்டு கைகளின் நுனிகளும் குறிப்பிட்ட ஒரு வடிவத்தைப் பற்றிக்கொள்ளும். புரதத்தில் அது பற்றும் இடம் பெரும்பாலும் சில அமினோ அமிலங்கள் அளவே இருக்கும்.

ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் தொடர்ந்து உற்பத்தி செய்யும் முறையை ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்டனர். இதற்காக 1984இல் அவர்கள் நீல்ஸ் யெர்னேவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பாஸ்பேட் ஏறிய டைரோசினை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் 1981இல் வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவத்தையும் ஏறாத வடிவத்தையும் வேறுபடுத்தும் எதிர்ப்பொருளைப் பால் கிரீன்கார்டின் குழுவினர் 1982இல் வெளியிட்டனர். பிற்காலத்தில், பாஸ்பேட் ஏறிய சிறு புரதத் துண்டுகளை ஆய்வகத்திலேயே செயற்கையாகச் செய்யும் வசதி வந்ததும் இவ்வகை எதிர்ப்பொருள்கள் பெருகின.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

முதலில் 1106ஆவது செரினையும் அதன் இரு பக்கங்களிலும் உள்ள சில அமினோ அமிலங்களையும் சேர்த்து, பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்கிறார்கள். நடுவிலுள்ள செரின் மீது பாஸ்பேட்டை ஏற்றியே செய்கிறார்கள்.

இவ்வளவு சிறிய துண்டை விலங்கின் உடல் பொருட்படுத்தாது. எனவே அதை ஒரு பெரிய புரதத்தோடு இணைக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஒருவகைக் கடல் நத்தையின் இரத்தத்திலுள்ள ஹீமோசயனின் என்னும் புரதம். இணைத்ததை முயலுக்கு ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். சில வார இடைவெளிகளில் மீண்டும் செலுத்துகிறார்கள். முயலின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன.

அந்த இரத்தச் சீரத்தில் எல்லா வகை எதிர்ப்பொருள்களும் கலந்திருக்கும். பாஸ்பேட் ஏறிய வடிவத்தைப் பற்றுபவையும் இருக்கும், பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பற்றுபவையும் இருக்கும். இவற்றை இரண்டு படிகளில் வடிகட்டுகிறார்கள். பாஸ்பேட் ஏறாத துண்டுகள் ஒட்டப்பட்ட குழாய் வழியாகச் சீரத்தைச் செலுத்தினால், பாஸ்பேட்டைப் பற்றிக் கவலைப்படாத எதிர்ப்பொருள்கள் அதில் தங்கிவிடும். வெளியே வருவதைப் பாஸ்பேட் ஏறிய துண்டுகள் உள்ள குழாயில் செலுத்தினால், நமக்கு வேண்டியவை அதில் தங்கும். அவற்றைப் பிரித்தெடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வாறு முயலின் சீரத்திலிருந்து நேரடியாகக் கிடைப்பது பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை. அந்த முயலின் காலம் முடிந்தால் வேறொரு முயலிடமிருந்து எடுக்க வேண்டும். அது முந்தையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பொருளின் மரபுக்குறிப்பை அறிந்து, அதைச் செல்களில் வைத்து உற்பத்தி செய்யும் மறுசேர்க்கை எதிர்ப்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை. எப்போது செய்தாலும் ஒரே அமினோ அமில வரிசைதான் கிடைக்கும்.

ஆய்வகத்தில் பயன்படுத்தும் முறை

இந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் வெஸ்டர்ன் பிளாட் என்னும் முறையில் பயன்படுகிறது. புரதங்களை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றும் முறை 1979இல் வெளிவந்தது. வெஸ்டர்ன் என்ற பெயர் 1981இல் வந்தது. டி.என்.ஏ.வைக் கண்டறியும் முறைக்கு அதைக் கண்டுபிடித்த எட்வின் சதர்னின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. சதர்ன் என்றால் தெற்கத்திய என்றும் பொருள் என்பதால், ஆர்.என்.ஏ.வுக்கான முறையை வடக்கு என்றும் புரதத்துக்கான முறையை மேற்கு என்றும் விளையாட்டாக அழைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

செயல்முறையின் படிகள் பின்வருமாறு:

1. செல்களை உடைத்துப் புரதங்களைக் கரைசலில் எடுப்பது. செல் உடைந்ததும் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டை இறக்கத் தொடங்கிவிடும். எனவே கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து, சோடியம் ஃபுளோரைடு, சோடியம் ஆர்த்தோவனடேட் போன்ற தடுப்பான்களை முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

2. புரதங்களை ஜெல்லில் மின்சாரம் செலுத்தி எடைவாரியாகப் பிரிப்பது. இது பெரிய புரதம் என்பதால் துளைகள் பெரிதாக உள்ள, அடர்த்தி குறைந்த ஜெல் பொருத்தமானது.

3. பிரிந்த புரதங்களை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றுவது. பெரிய புரதங்கள் மெதுவாகவே நகரும். அவசரப்பட்டால் பாதி ஜெல்லிலேயே தங்கிவிடும்.

4. சவ்வின் வெற்றிடங்களை வேறொரு புரதத்தால் மூடுவது. வழக்கமாக இதற்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடிக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். முன்பு சொன்ன கேசீன் இங்கேதான் வருகிறது. பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட்டைத் தேடும் எதிர்ப்பொருளுக்குப் பின்னணியில் அது குழப்பம் விளைவிக்கலாம். எனவே இத்தகைய சோதனைகளில் மாட்டு இரத்தச் சீரத்திலிருந்து எடுக்கப்படும் அல்புமினைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

5. எதிர்ப்பொருள் கரைசலில் சவ்வை ஊறவைத்து, பிறகு நன்றாகக் கழுவுவது.

6. முயலின் எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்ப்பது. இதோடு இணைந்திருக்கும் நொதி, அதற்குரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் ஒளியை உண்டாக்கும். அந்த ஒளி ஒரு பட்டையாகப் பதிவாகும்.

174 கிலோடால்டன் அளவில் ஒரு பட்டை தெரிந்தால், பாஸ்பேட் ஏறிய நொதி இருக்கிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்ளலாமா என்பதுதான் அடுத்த கேள்வி.

பட்டை தெரிந்தால் போதுமா?

போதாது. ஓர் எதிர்ப்பொருளின் தகுதி அது காட்டும் பட்டையில் இல்லை. மறைய வேண்டிய இடத்தில் அந்தப் பட்டை மறைகிறதா என்பதில்தான் இருக்கிறது. எப்போதும் ஆம் என்றே சொல்பவரின் சாட்சியத்துக்கு மதிப்பில்லை அல்லவா? எதிர்ப்பொருளையும் இல்லை என்று சொல்ல வேண்டிய இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இதற்கான ஒப்பீட்டுச் சோதனைகள் பல.

பாஸ்பேட்டை இறக்கிப் பார்த்தல்: செல் கரைசலின் ஒரு பகுதியில் லாம்டா பாஸ்பட்டேஸ் என்னும் நொதியைச் சேர்த்து எல்லாப் பாஸ்பேட்டுகளையும் இறக்கிவிட வேண்டும். பட்டை மறைய வேண்டும். மறையாவிட்டால் எதிர்ப்பொருள் பாஸ்பேட்டைப் பார்க்கவில்லை என்று பொருள். மறைந்தால், பாஸ்பேட்டைப் பார்க்கிறது என்பது உறுதி. ஆனால் எந்தப் புரதத்தின் பாஸ்பேட் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

நொதியைக் குறைத்துப் பார்த்தல்: டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபா உருவாகாதபடி அதன் தூது ஆர்.என்.ஏ.வைச் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளால் அழிக்கலாம். நொதி குறைந்தால் பட்டையும் குறைய வேண்டும். மரபணுவையே நீக்கிவிடுவது இன்னும் தெளிவான சோதனையாக இருக்கும். ஆனால் இந்த நொதி அடியோடு இல்லாமல் செல்கள் பிரிந்து பெருக முடியாது. எனவே குறைத்துப் பார்ப்பதே நடைமுறை வழி.

இடத்தை மாற்றிப் பார்த்தல்: 1106ஆவது செரினை அலனினாக மாற்றிய நொதியைச் செல்லில் உருவாக்கிச் சோதிக்கலாம். செரினுக்கும் அலனினுக்கும் ஓர் ஆக்சிஜன் அணுவே வேறுபாடு. அந்த ஆக்சிஜனில்தான் பாஸ்பேட் ஏறும். எனவே அலனின் மீது பாஸ்பேட் ஏற வழியில்லை. சாதாரண நொதியில் தெரியும் பட்டை இந்த நொதியில் மறைந்தால், எதிர்ப்பொருள் சரியான இடத்தையே பார்க்கிறது என்று சொல்லலாம். இருக்கும் சோதனைகளில் இதுவே வலுவானது.

துண்டைக் கொண்டு தடுத்தல்: எதிர்ப்பொருளைப் பாஸ்பேட் ஏறிய செயற்கைத் துண்டோடு முன்பே கலந்துவிட்டால், அதன் கைகள் நிரம்பிவிடும், பட்டை மறையும். பாஸ்பேட் ஏறாத துண்டோடு கலந்தால் பட்டை மறையக்கூடாது. எளிதான சோதனை என்பதால் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தைத் தவறுதலாகப் பற்றியிருந்தாலும், கைகள் நிரம்பிய பிறகு அந்தப் பட்டையும் மறைந்துவிடும். எனவே இதை மட்டும் நம்பிவிட முடியாது.

மொத்த நொதியோடு ஒப்பிடுதல்

நல்ல எதிர்ப்பொருள் கிடைத்த பிறகும் ஒரு பிழை நேரலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். முதல் மாதிரியில் பாஸ்பேட் ஏறிய நொதியின் பட்டை 10 அலகு, இரண்டாம் மாதிரியில் 20 அலகு என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரிகரணம் இரட்டிப்பாகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொத்த நொதியைக் காட்டும் வேறோர் எதிர்ப்பொருளால் சோதித்தால், முதல் மாதிரியில் 50 அலகும் இரண்டாம் மாதிரியில் 100 அலகும் வருகின்றன. இரண்டிலும் விகிதம் ஐந்தில் ஒன்றுதான். மாறியது நொதியின் அளவே தவிர, பாஸ்பேட் ஏறும் விகிதம் அன்று.

டோபோஐசோமரேஸ் 2-ஆல்ஃபாவுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். வேகமாகப் பிரியும் செல்களில் இந்த நொதியே அதிகம் இருக்கும். எனவே மொத்த நொதியைச் சோதிக்காமல் பாஸ்பேட் பட்டையை மட்டும் காட்டும் படத்திலிருந்து முடிவுக்கு வரக்கூடாது.

தவறிய எதிர்ப்பொருள்கள்

இவ்வளவு சோதனைகள் தேவையா என்று தோன்றலாம். தேவை என்பதற்கு அனுபவமே சான்று.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி-பீட்டா என்னும் புரதத்தைக் கண்டறியப் பல எதிர்ப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் பயன்பட்டு வந்தன. 2017இல் ஓர் ஆய்வுக்குழு அவற்றில் 13ஐ எடுத்து முறையாகச் சோதித்தது. திசுக்களில் அந்தப் புரதத்தை மட்டும் சரியாக அடையாளம் கண்டது ஒன்றே ஒன்று. அதுவும் அதிகம் பேர் பயன்படுத்தாத எதிர்ப்பொருள். மார்பகத் திசுவில் அந்தப் புரதம் இருக்கிறது என்று மற்ற எதிர்ப்பொருள்களைக் கொண்டு சொல்லப்பட்டவை கேள்விக்குள்ளாயின.

இன்னும் விரிவான ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. 65 புரதங்களுக்காக விற்பனையில் இருந்த 614 எதிர்ப்பொருள்களை அந்தக் குழு ஒரே முறையில் சோதித்தது. புரதம் உள்ள செல்லையும், அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தவறின. ஆறுதல் தரும் செய்தியும் அதில் உண்டு. பெரும்பாலான புரதங்களுக்கு நன்றாக வேலை செய்யும் ஓர் எதிர்ப்பொருளாவது இருந்தது. மறுசேர்க்கை எதிர்ப்பொருள்கள் மற்றவற்றைவிட மேலாக இருந்தன.

இதற்கு முன்பே, 2015இல், நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபு வரிசையால் வரையறுத்து, மறுசேர்க்கை முறையில் உற்பத்தி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். 2016இல் ஒரு பன்னாட்டுப் பணிக்குழு எதிர்ப்பொருள்களைச் சரிபார்க்க ஐந்து வழிகளை வகுத்துத் தந்தது. பாஸ்பேட் ஏறிய வடிவத்தைத் தேடும் எதிர்ப்பொருளுக்கு அந்த வழிகளோடு, மேலே சொன்ன பாஸ்பட்டேஸ் சோதனையும் இடமாற்றச் சோதனையும் கூடுதலாக வேண்டும்.

வீணாவது எதிர்ப்பொருளின் விலை மட்டும் இல்லை. ஆய்வு மாணவரின் ஆண்டுகள், நோயாளிகள் நம்பிக் கொடுத்த திசு மாதிரிகள், அந்த முடிவை நம்பித் தொடங்கப்படும் அடுத்த ஆய்வு ஆகியவையும் சேர்ந்தே வீணாகின்றன.

வரம்புகள்

இந்த எதிர்ப்பொருள் ஆராய்ச்சிக்கான கருவி. ஒரு நோயாளிக்கு எட்டோபோசைடு பலன் தருமா என்று இதை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. மருந்து செல்லுக்குள் எவ்வளவு நுழைகிறது, எவ்வளவு வெளியேற்றப்படுகிறது, சேதமடைந்த டி.என்.ஏ.வைச் செல் எவ்வளவு விரைவாகச் செப்பனிடுகிறது என்பன போன்ற வேறு காரணங்களும் உண்டு.

அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் திசுக்களில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. திசுவை எடுத்ததற்கும் பதப்படுத்தியதற்கும் இடையில் நேரம் கடந்தால், பாஸ்பேட்டுகள் இறங்கிவிடக்கூடும். அப்போது பட்டை தெரியாததற்குக் காரணம் நோயா, தாமதமா என்று பிரித்தறிய முடியாது.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய எதிர்ப்பொருளைக் கொண்டு எடுத்த படத்தைப் பார்க்கும்போது பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பழகலாம்:

- பயன்படுத்திய எதிர்ப்பொருளின் பட்டியல் எண்ணும் தொகுதி எண்ணும் தரப்பட்டுள்ளனவா?
- பட்டை சரியான எடையில் இருக்கிறதா? முழு ஜெல்லின் படமும் காட்டப்பட்டுள்ளதா?
- பாஸ்பட்டேஸ் சேர்த்தபோது பட்டை மறைந்ததா?
- செரினை மாற்றிய நொதியில் பட்டை மறைந்ததா?
- பீட்டா வடிவத்தை எதிர்ப்பொருள் பற்றவில்லை என்று காட்டியிருக்கிறார்களா?
- மொத்த நொதியின் அளவு அருகில் தரப்பட்டுள்ளதா?

இவற்றுக்கு விடை இருந்தால் அந்தப் படத்தை நம்பி மேலே படிக்கலாம். விடை இல்லாவிட்டால் கட்டுரை தவறு என்று ஆகிவிடாது, இன்னும் நிறுவப்படவில்லை என்றே பொருள். அந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்துகொள்வது, எந்தத் துறையில் படிக்கும் மாணவருக்கும் பயன்படும்.